முப்பத்தெட்டாம் நாள்

சடங்கு முடிந்து ஒரு கிழமையில்
இறைச்சி விலை ஏறும் என்று கணக்குப் போட்டுத்தான்
சித்திரைப் பாதியில் குஞ்சு எடுத்தேன்.
நூறு கேட்டேன். பெட்டியில் நூற்றிரண்டு.
"சாகிறதுக்கு ரெண்டு மேலதிகம்" என்றான்
வானில் கொண்டுவந்த பொடியன், சிரிக்காமல்.

முதல் பத்து நாளும் பல்புக்குக் கீழே.
டிலக்சனும் அந்த வெளிச்சத்தில்தான் ஓ.எல். படித்தான்.
கொட்டிலுக்குள் கதிரை போட்டு,
காற்சட்டை விளிம்பைக் குஞ்சுகள் கொத்தக் கொத்த
முக்கோணங்களை நிறுவினான்.

இருபது நாளுக்குப் பிறகு
அதுகள் குஞ்சும் இல்லை, கோழியும் இல்லை.
நெஞ்சு கனத்துக் கால் தாங்காமல்
தொட்டிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து தின்னும்.
அடுத்த வளவு நாட்டுக்கோழி வேலியால் பறந்து வந்து
எட்டிப் பார்த்து, ஏதோ சொல்லிவிட்டுப் போகும்.

ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை,
காலை இழுத்து நடந்த ஒன்றைத் தவிர.
அதைக் 'கடன்' என்று கூப்பிட்டோம்.
எல்லாவற்றிலும் பெருத்ததும் அதுதான்.

திங்கட்கிழமை அம்மனுக்குக் குளிர்த்தி.
வேப்பிலை தோய்த்து ஐயர் எறிந்த தண்ணீர்
என் தலையிலும் நாலு துளி விழுந்தது.
காற்றின் தலையில் விழவில்லை போல.

வெள்ளி காலை பத்துக்குக் கச்சான் எழும்பியது,
செங்கலடிக்கு மேற்கே யாரோ
அடுப்பு வாயைத் திறந்துவிட்டதைப் போல.
பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
ரெண்டு காற்றாடியும் நின்றன.
செட்டையை விரித்து, வாயைப் பிளந்து,
ஒன்றின் மூச்சு மற்றதைச் சுட்டது.
சாக்கு நனைத்துத் தொங்கவிட்டேன்.
தகரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் அடித்தேன்,
தகரம் சீறியது.
முதலாவது விழுந்தது. தூக்கினேன்.
உயிரோடு இருந்த சூட்டுக்கும்
இந்தச் சூட்டுக்கும் வித்தியாசம் இல்லை.

ஏறாவூருக்குக் கோல் எடுத்தேன்.
"காக்கா, முப்பத்தெட்டு நாள்தான், நிறை காணாது,
ஆனாலும் இப்பவே வாங்க."
"ஜும்ஆ முடியட்டும் தங்கச்சி" என்றார் மீராலெப்பை.
வெள்ளிக்கிழமை என்பதையே மறந்திருந்தேன்.

அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் இருபத்தேழு.
"அம்மா, கடன் செத்துப் போச்சு" என்றான் டிலக்சன்.
இருவருக்கும் சிரிப்பு வந்தது.
பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தொப்பியைக் கழற்றாமலே வந்தார், மூன்று பொடியன்களோடு.
முருங்கை நிழலில் சாக்கு விரித்து அறுக்கத் தொடங்கினார்.
செய்தி எப்படித்தான் போகுமோ,
டவுன் பக்கமிருந்து ஒருவன்
மோட்டார் சைக்கிளில் ஐஸ்பெட்டி கட்டிக்கொண்டு வந்தான்.
"செத்ததையும் எடுப்பன் அக்கா, ஒண்டுக்கு இருநூறு.
கொத்துக்குத்தானே? கொத்தினாப் பிறகு
ஆருக்குத் தெரியும்?"

அதற்குள் முப்பத்தொன்று.
டிலக்சன் கணக்கில் கெட்டி; நிலத்தைப் பார்த்து நின்றான்.
உடனே மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.
அதை மறைக்கப் போவதில்லை.
கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.
இன்னொரு முறையும் கழுவினேன்.
அவன் பொறுத்து நின்றான், பெட்டியிலிருந்து ஐஸ் சொட்டியது.

கிணற்றடியிலிருந்து மீராலெப்பை தெரிந்தார்.
ஒவ்வொன்றுக்கும் உதடு அசைந்தது.
மூச்சு வாங்க, வேர்வை கண்ணுக்குள் வடிய,
கொட்டிலில் அடுத்தது விழுமோ என்று பொடியன்கள் கத்த,
ரெண்டு கோழிக்குச் சேர்த்து ஒரு தரம்
அவர் சொன்னதாக நான் காணவில்லை.

"இல்லைத் தம்பி, போங்க" என்றேன்.
"பிழைக்கத் தெரியாத ஆக்கள்" என்று
வண்டியை உதைத்துக் கிறுக்கினான்.

அறுபத்தெட்டு. நிறுத்தார்.
நிறை காணாததற்குக் கிலோவுக்கு முப்பது குறைத்தார்.
தராசில் அவர் எப்போதும் அப்படித்தான்.

பின்வளவில் இடுப்பளவு கிடங்கு வெட்டி
சுண்ணாம்பு தூவி மூடினோம்.
நாய் கிண்டாமல் மேலே உடைந்த அம்மிக்கல்.

அஞ்சரைக்குக் கரண்ட் வந்தது.
வெறும் கொட்டிலில் ரெண்டு காற்றாடியும் சுற்றி
இறகுகளை ஒரு மூலையிலிருந்து
மற்ற மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தன.
நிறுத்தப் போனவன் கதிரையில் இருந்துவிட்டான்,
கையில் புத்தகம் இல்லாமல்.

நாட்டுக்கோழி வேலியால் வந்து
தொட்டியில் மிஞ்சியதைக் கிண்டியது.
துரத்தவில்லை.
கிலோ இருநூற்றுச் சொச்சத்துக்கு வாங்கின தீன்.
தின்னட்டும்.